கேமிங் மவுஸ்: வாங்கலாமா, வேண்டாமா?

மவுஸ் வாங்கக் கடைக்குக் கிளம்பும் தோழர்களே, தோழியரே, ஒரு நிமிடம்! இந்த நாலு பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு மவுஸுக்கு நாலு பக்கமா என்று சிரிக்க வேண்டாம். நம்மில் பலருக்கு அது வீட்டில் கேட்டு வாங்க வேண்டிய பணம்.

எங்கள் வீட்டில் அப்பா கொத்தனார். பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். சிவில், இரண்டாம் ஆண்டு. பழைய லேப்டாப் ஒன்று எப்படியோ வாங்கியாகிவிட்டது. ஆனால் அதன் டச்பேடில் விரலைத் தேய்த்துத் தேய்த்து ஆட்டோகேடில் வீட்டு பிளான் போடுவது இருக்கிறதே, அது கரண்டி இல்லாமல் வெறுங்கையால் சுவர் பூசுகிற மாதிரி. ஆகவே மவுஸ் வேண்டும். எந்த மவுஸ் என்பதில்தான் வீட்டில் பிரச்சினை ஆரம்பித்தது.

"வாங்குனா கேமிங் மவுஸ்தான் வாங்கணும்க்கா. சாதா மவுஸ் சுத்த வேஸ்ட்" என்றான் தம்பி. கடைக்காரரும் அவன் பக்கமே. "ட்ராயிங் வேலைக்கெல்லாம் இதும்மா கரெக்ட்டு. துல்லியமா இருக்கும்" என்று பச்சையும் சிவப்புமாக மின்னும் ஒன்றை எடுத்து வைத்தார். 2,500 ரூபாய். பக்கத்திலேயே கறுப்பாக, சாதுவாக ஒன்று, 400 ரூபாய். "அதுக்கும் இதுக்கும் அப்படி என்ன தாயி வித்தியாசம்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதானே? 2,500 ரூபாய் என்பது அவருக்கு ஏறக்குறைய மூன்று நாள் கூலி. பதில் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பிவிட்டோம். அதன்பின் நான் படித்ததும், கேட்டதும், செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மவுஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 1964-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் என்பவர் முதல் மவுஸைச் செய்தார். மரக்கட்டையில் செய்த சின்னப் பெட்டி, ஒரே ஒரு பொத்தான், அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். ஒரு சக்கரம் எக்ஸ் அச்சு, இன்னொன்று ஒய் அச்சு. நாம் கிராஃப் தாளில் செய்வதைத்தான் அது மேசைமேல் செய்தது. பிறகு சக்கரங்களுக்குப் பதில் ரப்பர் பந்து வந்தது. பந்தில் தூசி ஒட்டும், கழற்றித் துடைக்க வேண்டும். 1999-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பந்தே இல்லாத 'இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற மவுஸைக் கொண்டுவந்தது. நம் கையில் இன்று இருப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

பந்து இல்லாமல் நகர்வது எப்படித் தெரிகிறது? மவுஸைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கும், பக்கத்தில் ஒரு லென்ஸும் இருக்கும். அந்த லென்ஸுக்குப் பின்னால் இருப்பது ஒரு குட்டிக் கேமரா! விளக்கு மேசையின் மேல் சாய்வாக வெளிச்சம் அடிக்கிறது. நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் மேசையிலும் மேடு பள்ளம் இருக்கிறது. சாய்வு வெளிச்சத்தில் அவற்றின் நிழல் விழுகிறது. கேமரா அந்த நிழல்களைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. 1999-ல் வந்த அந்த மவுஸே வினாடிக்கு 1,500 படம் எடுத்தது. முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டு, நிழல்கள் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப் போயிருக்கின்றன என்று உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. இந்தக் கேமராவையும் சிப்பையும் சேர்த்துத்தான் சென்சார் என்கிறார்கள். 400 ரூபாய் மவுஸிலும் இதே முறைதான், 2,500 ரூபாய் மவுஸிலும் இதே முறைதான். கண்ணாடி மேசைமேல் சாதாரண மவுஸ் தடுமாறுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்குமே! படம் பிடிக்க அங்கே நிழல் இல்லை.

சரி, கடைக்காரர் சொன்ன 'துல்லியம்' எங்கே வருகிறது? பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'டி.பி.ஐ.' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். சாதாரண மவுஸில் 1000. கேமிங் மவுஸில் 8000, 16000, சிலவற்றில் 26000 வரைகூட. பார்த்தவுடன் பதினாறு மடங்கு உசத்தி என்று தோன்றும். தோன்ற வேண்டும் என்றுதானே கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்!

டி.பி.ஐ. என்பது, மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான். நம் பாஷையில் சொன்னால் இது மீச்சிற்றளவு. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அதை 800-ஆல் வகுத்தால் 0.032 மி.மீ. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பிடித்த வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ., திருகு அளவிக்கு 0.01 மி.மீ. ஆக, 800 டி.பி.ஐ. உள்ள மவுஸே அந்த வெர்னியரைவிட நுணுக்கமாக அளக்கிறது. 16000 என்றால் 0.0016 மி.மீ. திருகு அளவியைவிட ஆறு மடங்கு நுணுக்கம். நம் கை நடுக்கமே அதைவிடப் பல மடங்கு அதிகம்! கொத்து வேலைக்கு யாராவது திருகு அளவியை எடுத்துக்கொண்டு போவார்களா?

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நம் லேப்டாப் திரையின் அகலம் பெரும்பாலும் 1920 புள்ளிகள். ஒரு எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால், 800 டி.பி.ஐ.யில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக 2.4 அங்குலம் நகர்த்த வேண்டும். அது வசதியான தூரம். 16000-ல் வைத்தால் வெறும் 3 மி.மீ. நகர்த்தினாலே அம்புக்குறி திரையின் மறுகோடிக்கு ஓடிவிடும்! தும்மினால்கூடக் காணாமல் போகும். அதனால்தான் துப்பாக்கி விளையாட்டுகளில் போட்டிக்கு ஆடுகிறவர்களே பெரும்பாலும் 400, 800, 1600 என்றுதான் வைத்துக்கொள்கிறார்கள். 26000 என்பது பெட்டிக்கு அழகு, அவ்வளவுதான்.

ஆட்டோகேடுக்கு வருவோம். மூன்று மீட்டர் சுவரை நாம் மவுஸை இழுத்து அளந்தா வரைகிறோம்? 3000 என்று கீபோர்டில் தட்டுகிறோம். இரண்டு கோடுகள் சேரும் மூலையைக் கையால் குறி வைத்தா பிடிக்கிறோம்? ஆப்ஜெக்ட் ஸ்னாப் பிடித்துக் கொடுக்கிறது. துல்லியம் மென்பொருளின் வேலை. மவுஸ் கிட்டத்தில் கொண்டுபோய் விட்டால் போதும்.

படித்தது மட்டும் போதாது என்று என் வகுப்புத் தோழன் ஒருவனின் கேமிங் மவுஸை ஒரு வாரம் இரவல் வாங்கினேன். இரண்டு படுக்கையறை வீட்டு பிளான் ஒன்றை லேபில் இருக்கும் சாதா மவுஸில் முதலில் வரைந்தேன், பிறகு அதே பிளானைக் கேமிங் மவுஸில். இரண்டாவது முறை சீக்கிரம் முடிந்தது. ஆனால் ஒரு தடவை போட்ட பிளானை மறுபடி போட்டால் யாருக்கும் சீக்கிரம் முடியும் அல்லவா? ஆகவே மறுநாள் வேறு பிளான் எடுத்து, முதலில் கேமிங், பிறகு சாதா என்று வரிசையை மாற்றினேன். இந்த முறை சாதா மவுஸ் சீக்கிரம் முடித்தது. அதாவது வேகம் மவுஸில் இல்லை, பழகியதில் இருந்தது. என் ஒருத்தி கையால் இரண்டே நாள் பார்த்தது இது, பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. நீங்களும் செய்து பாருங்கள்.

ஆனால் தம்பி சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அதே மவுஸை விளையாட்டில் போட்டபோது வித்தியாசம் தெரிந்தது. 2020-ல் வந்த 'வாலரன்ட்' போன்ற துப்பாக்கி விளையாட்டில், பின்னாலிருந்து சுடுகிறவனைப் பார்க்கக் கையை வீசித் திரும்ப வேண்டும். சாதாரண மவுஸின் சென்சார் பலவும் வினாடிக்கு 30 அங்குலத்தை ஒட்டிய வேகம் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வீசினால் இரண்டு படங்களுக்கும் நடுவே பொதுவான நிழலே இருக்காது. ஒப்பிட வழியில்லாமல் சிப் குழம்பிப் போகும். நாம் எதிரியைப் பார்க்கத் திரும்பினால் அது கூரையைக் காட்டும்! கேமிங் மவுஸ்களில் பெயர் பெற்ற 'பி.எம்.டபிள்யூ. 3360' என்ற சென்சார் வினாடிக்கு 250 அங்குலம், அதாவது ஆறு மீட்டருக்கும் மேல், தாங்கும். எந்த மனிதக் கையும் அதைத் தோற்கடிப்பது கஷ்டம். காசு நிஜமாகவே வேலை செய்யும் இடம் இது. (தம்பி விளையாடுவதெல்லாம் செல்போனில் என்பது வேறு விஷயம்!)

அடுத்தது 'போலிங் ரேட்'. மவுஸ் தன் கணக்கை வினாடிக்கு எத்தனை தடவை கம்ப்யூட்டரிடம் ஒப்பிக்கிறது என்பது. யு.எஸ்.பி.யில் சாதாரண மவுஸ் 125 தடவை, அதாவது 8 மில்லி வினாடிக்கு ஒரு முறை. கேமிங் மவுஸ் 1000 தடவை. 2021-லிருந்து 8000 தடவை என்றுகூட விற்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்முடைய சாதாரண லேப்டாப் திரை வினாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றுகிறது, 16.7 மில்லி வினாடிக்கு ஒரு படம். அந்த ஒரு படத்துக்குள் சாதா மவுஸே இரண்டு தடவை ஒப்பித்துவிடும். வினாடிக்கு 240 முறை மாறும் விலை உயர்ந்த திரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு படம் சுமார் 4 மில்லி வினாடி. அவர்களுக்கு 125 போதாது. அப்படித் திரை வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையைப் படித்துக் கொண்டிருக்க மாட்டார்.

எடை, விளக்கு இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் கேமிங் மவுஸுக்குள் எடைக்கல் போட்டு விற்றார்கள். இப்போது எடையைக் குறைக்க மேலோடு முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்டு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் சிமெண்டுத் தூசிக்கு அந்த ஓட்டை மவுஸ் ஒரு மாதம் தாங்காது. கலர் விளக்கு எரிவதால் கோடு நேராக வரப்போவதும் இல்லை.

நாம் உண்மையில் கவனிக்க வேண்டியது சுவிட்சை. இடது பொத்தானுக்குக் கீழே ஒரு சின்ன மைக்ரோ சுவிட்ச், அதற்குள் ஒரு மெல்லிய உலோகப் பட்டை. ஒவ்வொரு கிளிக்குக்கும் அது வளைந்து நிமிர்கிறது. நல்ல சுவிட்சுகளுக்கு ஒரு கோடி, இரண்டு கோடி கிளிக் ஆயுள் என்று சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 5,000 கிளிக் என்று வைத்தாலும் ஒரு கோடிக்கு 2,000 நாள், ஐந்தரை வருடம். நம் டிப்ளமோ மூன்றே வருடம்தான்! பட்டை தேய்ந்து தொடுமுனை கெட்டுப்போனால் ஒரு கிளிக் இரண்டாக விழ ஆரம்பிக்கும். கோடு முடித்த இடத்திலேயே இன்னொரு புள்ளி விழும், ஃபைலை ஒரு தட்டுத் தட்டினாலே திறந்துகொள்ளும். இந்த நோய் விலை பார்த்து வருவதில்லை, பெயர் பெற்ற கேமிங் மவுஸ்களுக்கும் வந்திருக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் உலோகத் தொடுமுனைக்குப் பதில் ஒளிக்கற்றையை வைத்து வேலை செய்யும் சுவிட்சுகள் சில கேமிங் மவுஸ்களில் வந்துள்ளன. நல்ல யோசனைதான், ஆனால் அது நம் பட்ஜெட்டுக்கு மேலே.

ட்ராயிங் போடுகிற நமக்குச் சுவிட்சைவிட முக்கியம் நடுச் சக்கரம். சுழற்றினால் ஜூம், அழுத்திப் பிடித்து இழுத்தால் பேன், இரண்டு தட்டுத் தட்டினால் முழுப் படமும் திரைக்குள் வரும். ஒரு பிளான் முடிவதற்குள் சக்கரத்தை எத்தனை நூறு தடவை அழுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அழுத்தக் கடினமான சக்கரம் என்றால் சாயங்காலத்துக்குள் நடுவிரல் வலிக்கும். இதைப் பற்றிப் பெட்டியின் மேல் ஒரு வரிகூட எழுதியிருக்காது.

அடுத்தது வடிவம். அப்பா கடையில் கரண்டி வாங்கும்போது தகட்டைப் பார்க்கும் முன் பிடியைப் பிடித்துப் பார்ப்பார். "பிடி கைக்குள்ள அடங்கலைன்னா எவ்வளவு நல்ல கரண்டியும் மத்தியானத்துக்கு மேல கனக்கும்" என்பார். மவுஸும் அப்படித்தான். என் கை சின்னது. தோழனின் கேமிங் மவுஸில் உள்ளங்கையை வைத்தால் விரல் நுனி பொத்தானின் பாதி வரைதான் எட்டியது. கை பெரிதாக இருப்பவருக்குச் சாதா மவுஸ் பொம்மை போலிருக்கும். மணிக்கட்டை மடக்கிக்கொண்டு வேலை செய்து வலி வரவழைத்துக் கொள்வார். அவருக்கு நல்ல வடிவத்தில் ஒரு கேமிங் மவுஸ் கிடைத்தால் அந்தக் காசு வீண் என்று சொல்ல மாட்டேன். கட்டைவிரல் பக்கம் இரண்டு பொத்தான் இருப்பதும் சிலருக்கு உதவும். அவற்றில் ஒன்றை எஸ்கேப் என்று அமைத்துக்கொண்டால் இடது கைக்குக் கொஞ்சம் ஓய்வு. ஆனால் ஆட்டோகேடில் வலது கிளிக்கையே என்டர் ஆக மாற்றிக்கொள்ளலாம், அதற்குச் செலவே இல்லை.

இனி ஒரு எச்சரிக்கை. நம்மைப் போன்றவர்கள் ஏமாறுவது 2,500 ரூபாய் மவுஸில் இல்லை, ஏனென்றால் அதை வாங்கவே மாட்டோம். 500, 600 ரூபாய்க்கு 'கேமிங்' என்று பெயர் போட்டு, விளக்கு வைத்து, 7200 டி.பி.ஐ. என்று அச்சடித்து விற்கிறார்களே, அங்கேதான் விழுவோம். இவற்றில் பலவற்றின் சென்சார் நிஜமாக எண்ணுவது அதில் ஒரு பங்கைத்தான். மீதியை உள்ளே பெருக்கிக் காட்டுகிறார்கள். மில்லிமீட்டர் டேப்பில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நடுவில் பேனாவால் மூன்று கோடு கிழித்துவிட்டு, 'இது கால் மில்லிமீட்டர் டேப்' என்று விற்றால் எப்படியோ அப்படி! விளக்குக்கும் அட்டைப்பெட்டிக்கும் போன காசு சுவிட்சிலிருந்துதான் பிடிக்கப்பட்டிருக்கும். அதே விலைக்கு, அல்லது அதற்கும் குறைவாக, பெயருள்ள நிறுவனத்தின் சாதாரண வயர் மவுஸ் கிடைக்கிறது. சிலவற்றுக்கு மூன்று வருட வாரண்டியும் உண்டு.

நான் அந்த 400 ரூபாய் மவுஸையே வாங்கினேன். தம்பிக்கு முகம் தொங்கிப் போயிற்று. மூன்று நாள் கூலியில் மிச்சமானது அம்மாவின் குழுத் தவணைக்குப் போனது. வயர்லெஸ் வேண்டுமா என்று கேட்பீர்கள். இரவு ரெக்கார்டு முடிக்கும்போது பேட்டரி தீர்ந்தால் ஹாஸ்டலில் எங்கே போய்த் தேடுவது? எனக்கு வயரே போதும்.

உங்களில் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டுத் தினமும் ஆடுகிறவர்கள், அதில் போட்டிகளுக்குப் போகிறவர்கள், தாராளமாகக் கேமிங் மவுஸ் வாங்குங்கள். அதிலும் விலை குறைந்த அடிப்படை மாடலே போதும். வினாடிக்கு 1000 தடவை ஒப்பிப்பதும், வேகமான வீச்சைத் தாங்கும் சென்சாரும் அதிலேயே வந்துவிடுகின்றன. மற்றவர்கள், கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், மணிக்கட்டு மேசையில் நேராகப் படிய வேண்டும். சக்கரத்தைப் பத்துத் தடவை அழுத்துங்கள். இரண்டு பொத்தானையும் ஓரத்தில் தட்டிப் பாருங்கள், நடுவில் கேட்கும் அதே சத்தம் அங்கேயும் வர வேண்டும். கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் செருகி மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள், அம்புக்குறி எங்கேயும் துள்ளக் கூடாது. கடைக்காரர் "சாதா மவுஸுக்கு இவ்வளவு டெஸ்டா!" என்று கேட்டாலும் கேட்பார். கேட்கட்டும். பில்லை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், வாரண்டிக்கு வேண்டும்.